பழனிமலைச் சூழலில் இணைய அணுகல்: மேலூர், தேனி முயற்சிகளின் வரலாறு

எண்ணிம இடைவெளி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கருவிகளையும் இணைப்புகளையும் எண்ணிக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. இணைப்பு வந்த பின்னர் அதனைப் பேணியவர் யார், எதற்காகப் பேணினர் என்னும் வினாக்கள் அவற்றில் போதிய இடம் பெறுவதில்லை. பழனிமலையின் அடிவாரத்திலும் அதனையடுத்த சமவெளியிலும் 2001 முதல் நிகழ்ந்த இரு முயற்சிகளை அருகருகே வைத்து நோக்கும்போது இவ்வினாக்களின் கனம் புலனாகிறது.

முதலாவது, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2001இல் தொடங்கப்பெற்ற 'சாரி' திட்டம். சென்னை ஐ.ஐ.டி., அதன் ஆய்வுக்குழுவோடு தொடர்புடைய என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவை இதில் இணைந்திருந்தன. அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பமே இதற்கு அடிப்படை. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. சுற்றளவிற்கு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையம் வழங்க அதனால் இயன்றது. சிற்றூர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. பிறப்பு, இறப்பு, சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்கள் அங்கிருந்து மின்னஞ்சல் வழி வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டன. கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பும் வசதியும் இருந்தது. பின்னர்த் தேனியில் வளர்ந்த முயற்சிக்கு இதனை ஒரு முன்னோட்டமாகக் கொள்வதில் தவறில்லை.

இந்நிலையங்களை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர், ஊர்மக்களுள் சிறு பகுதியினரே அவற்றைப் பயன்படுத்தினர் என்றும், அவர்களுள்ளும் இளைஞர், ஆண்கள், படித்தவர்களே மிகுதி என்றும் கண்டனர். பட்டியலினத்தார் குடியிருப்புகளுக்கு அருகில் நிலையம் அமைந்தபோது அம்மக்களின் வருகை கூடியது என்பதும் அவர்தம் முடிவு. தெருவின் எப்பக்கத்தில் கணினி வைக்கப்படுகிறது என்பதே அணுகலைத் தீர்மானித்தது. தமிழ்ச் சிற்றூரின் அமைப்பை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறிச்சென்றபின் சான்றிதழ்ச் சேவை தளர்ந்தது. பழுதுநீக்க உதவியும் போதிய வருவாயும் இன்றி, தனிநபர்கள் நடத்திய நிலையங்கள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

இரண்டாவது முயற்சி மலையின் தென்புற அடிவாரத்தைச் சேர்ந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் ஒரு கிளையை நிறுவியது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இடையில், சுற்றுவட்டார ஊர்களில் 'பார்வை மையங்கள்' அமைத்து, அவற்றைத் தேனி மருத்துவமனையோடு காணொளி வழி இணைக்கும் பணி தொடங்கியது. பயிற்சி பெற்ற உதவியாளர் மையத்தில் கண்ணைச் சோதிப்பார். நோயாளி தேனியிலுள்ள மருத்துவரிடம் திரைவழி நேரில் பேசுவார். கண்ணாடி மட்டும் தேவைப்படுபவருக்குப் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சமாயின.

இணைப்பிற்கான தொழில்நுட்பத்தைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் புரூவர் குழுவினர் வடிவமைத்தனர். வீட்டில் பயன்படும் வைஃபை கருவியே அதற்கு மூலம். அக்கருவி ஒவ்வொரு செய்தித் துணுக்கையும் அனுப்பியபின் 'கிடைத்தது' என்னும் மறுமொழிக்குச் சிறிது நேரமே காத்திருக்கும். தொலைவு பல கிலோமீட்டராகும்போது மறுமொழி வந்து சேர்வதற்குள் அதே துணுக்கை மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே இரு முனைகளும் காலப் பங்கீட்டின்படி முறைவைத்துப் பேசுமாறு மென்பொருள் மாற்றி எழுதப்பட்டது. தொடக்க வலையமைப்பில் 5 பார்வை மையங்களும் 9 இணைப்புகளும் இருந்தன. மிக நீண்ட இணைப்பு 15 கி.மீ. கருவிகள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களிலும், கூரைகளிலும், ஒரு நெசவாலையின் புகைபோக்கியிலும்கூடப் பொருத்தப்பட்டன.

ஆயினும் இக்குழுவினர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, அலைகளைவிட மின்சாரத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. திடீர் மின்னழுத்த ஏற்றமும் தாழ்வும் கருவிகளைப் பழுதாக்கின, மின்கலங்கள் கெட்டன. ஊரிலேயே பழுதைக் கண்டறியத் தெரிந்தவர் தேவைப்பட்டார். மருத்துவமனையின் கணினிப் பணியாளர் பயிற்சி பெற்றுப் பொறுப்பேற்றதால் வலையமைப்பு ஆய்வுக்குழுவின் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்கு மாறியது. மேலூரில் இணைப்பு அறுந்தால் நட்டம் நிலையம் நடத்தியவருக்கு. தேனியில் அறுந்தால் அன்றைய நோயாளிகள் காத்திருப்பர். பேணுதலில் தோன்றிய வேறுபாட்டிற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

மலையின் மேற்பகுதிக்கு இவ்விரு முயற்சிகளும் எட்டவில்லை. கொடைக்கானலின் வானலை வரலாற்றில் ஒரு முரண் உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரிலிருந்து தொலைக்காட்சி, பண்பலை ஒலிபரப்புகள் தென்மாவட்டச் சமவெளி முழுவதும் பரவின. ஆனால் அலைகள் நேர்கோட்டில் செல்பவை. முகட்டிற்குப் பின்னால் மடிப்புகளில் அமைந்த ஊர்கள் அவற்றின் நிழலில் தங்கிவிடுகின்றன. வெள்ளகவி போன்ற சிற்றூர்களிலும் பளியர் குடியிருப்புகளிலும் மக்கள்தொகை குறைவு என்பதால், சந்தாதாரர் எண்ணிக்கையை நோக்கும் தனியார் நிறுவனங்களுக்கு அங்குக் கோபுரம் எழுப்புவதில் ஆதாயமில்லை. இத்தகைய இடங்களுக்காகவே பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதி உருவாக்கப்பட்டது. 2022 ஜூலையில் நாடெங்கும் 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறை அலைபேசிச் சேவை வழங்க ஒன்றிய அமைச்சரவை ரூ.26,316 கோடி ஒப்புதல் அளித்தது.

அந்த ஒப்புதல் வந்து ஓராண்டு நிறைவதற்குள் வேறொரு கட்டாயம் முந்திக்கொண்டது. நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் வருகையை அலைபேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படத்துடன் பதிதல் கட்டாயமாயிற்று. அலைவரிசை இல்லாத இடத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அது கிடைக்கும் இடத்திற்கு வந்தபின் பதிவேற்றச் செயலி இடமளிக்கிறது. மலைச்சரிவில் அந்த இடம் எத்தனை மேடு தாண்டி இருக்கிறது என்பதைச் செயலி கேட்பதில்லை. அன்றைய கூலியோ அப்பதிவேற்றத்தைப் பொறுத்தே அமைகிறது.