விமானம் ரத்தானால் ரூ.10,000 வரை இழப்பீடு: யாருக்குக் கிடைக்கும், கேட்டுப் பெறுவது எப்படி?

புதுடெல்லி: விமானம் ரத்து என்று புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு குறுஞ்செய்தி வந்தால், டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்ததே போதும் எனப் பயணிகள் பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தருவது வேறு, இழப்பீடு வேறு. முந்தையதைப் பெற்றவர் பிந்தையதையும் கேட்கலாம்.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ, 2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியிட்டுப் பின்னர் திருத்திய விதிகளே இதற்கு அடிப்படை. ரத்து குறித்து இரண்டு வாரங்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம் தந்தால் போதுமானது. புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் இருக்கும் வரையிலும் தகவல் தராத நிலையில்தான் இழப்பீடு என்ற பேச்சே எழுகிறது.

பயண நேரம் ஒரு மணி நேரம் வரை உள்ள விமானங்களுக்கு ரூ.5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000 என வரம்பு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. எனினும் இத்தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. ஒருவழி அடிப்படைக் கட்டணத்துடன் எரிபொருள் கட்டணத்தைக் கூட்டி, அதையும் வரம்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதுவே வழங்கப்படும். உதாரணமாக, இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு இவ்விரு கட்டணங்களும் சேர்ந்து ரூ.5,000 என்றால், இழப்பீடும் ரூ.5,000 மட்டுமே. மலிவு விலையில் முன்பதிவு செய்தவருக்கு இழப்பீடும் மலிவாகவே அமைகிறது என்பது இவ்விதியின் குறை.

இருக்கை உறுதியான பிறகும், கூடுதல் முன்பதிவு காரணமாக ஏற்ற மறுக்கப்படும் பயணிக்கு இதைவிடக் கூடுதல் தொகை உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தரப்பட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் மேற்கண்ட கட்டணத்தைப் போல் இருமடங்கு, அதிகபட்சம் ரூ.10,000, அதைத் தாண்டினால் நான்கு மடங்கு, அதிகபட்சம் ரூ.20,000 வழங்க வேண்டும்.

தாமதத்துக்குப் பணம் இல்லை

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீண்ட தாமதத்துக்கும் ரொக்க இழப்பீடு உண்டு. இந்திய விதிகளில் தாமதத்துக்கு உணவு, சிற்றுண்டி, மாற்று விமானம் அல்லது கட்டணத் திருப்பம், தங்குமிடம் ஆகியவை மட்டுமே. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால், இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவு கேட்கலாம். தாமதம் 24 மணி நேரத்தைக் கடந்தாலோ, இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ விடுதி அறை தர வேண்டும்.

காரணமே தீர்மானிக்கும்

வெள்ளம், மோசமான வானிலை, அரசியல் நிலையின்மை, வேலைநிறுத்தம், பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. பெரும்பாலான சர்ச்சைகள் இங்குதான் தொடங்குகின்றன. அறிவிப்புப் பலகையில் தோன்றும் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்ற சொற்றொடர் எதையும் விளக்குவதில்லை. பனிமூட்டமா, விமானி பற்றாக்குறையா என்பதை விமான நிலையத்திலேயே எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுவது பின்னாளில் உதவும்.

விமானிகளின் பணி, ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகளுக்கேற்பத் திட்டமிடுவதில் ஏற்பட்ட குளறுபடியால், 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அப்போது, புறப்பாட்டுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் விமானம் ரத்தானவர்களுக்கு விதிப்படி ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை வழங்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான ரூ.10,000 பயண வவுச்சர் இதற்கு அப்பாற்பட்டது. திரும்பக் கிடைக்க வேண்டிய கட்டணத்தை எதிர்காலப் பயணத்துக்கான இருப்பாக வைப்பதா, பணமாகப் பெறுவதா என்பது பயணியின் விருப்பம். நிறுவனம் கட்டாயப்படுத்த இயலாது.

மற்றொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. முன்பதிவில் தொடர்பு விவரங்கள் தராதவர்களுக்கு ரத்துக்கான இழப்பீடு வழங்க வேண்டியதில்லை என விதி கூறுகிறது. முகவர் மூலம் டிக்கெட் எடுப்போர், அதில் பதிவாகியிருப்பது தங்கள் கைபேசி எண்தானா, முகவரின் எண்ணா என்பதைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

புகார் செய்வது எங்கே?

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்ப வேண்டும். டிக்கெட், போர்டிங் பாஸ், ரத்துச் செய்தியின் நேரம் தெரியும் திரைப்பதிவு, உணவு மற்றும் விடுதிச் செலவு ரசீதுகள் ஆகியவற்றை இணைப்பது நல்லது. அங்கு தீர்வு இல்லையெனில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியையும், அடுத்து மேல்முறையீட்டு அதிகாரியையும் அணுகலாம். சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ இணையதளத்திலும் செயலியிலும் புகாரைப் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவற்றிலும் பலன் கிட்டாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விமான நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் பயணி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடரலாம். செலுத்திய கட்டணம் ரூ.5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. விதியில் உள்ள வரம்புத் தொகைக்கு அப்பால், சேவைக் குறைபாட்டால் நேர்ந்த இழப்பையும் மன உளைச்சலையும் ஆணையத்தின் முன் தனியே கோர முடியும்.