அன்பின் காரணமாக

இடையஞ்சாவடியில் அத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் ‘காக்கி சட்டை’ ஓடிக்கொண்டிருந்தது. 2015இல் வந்த படம். ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு கொடுத்து நோயாளியை மூளைச்சாவுக்குத் தள்ளி, உறுப்புகளை விற்கும் மருத்துவமனையின் கதை. சீசனில் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு எதுக்கு இத்தனை தில்லுமுல்லு? பொம்பளைங்ககிட்ட கேட்டாலே குடுத்துடுவாங்களே” என்றார். அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதைக்கரு பழையது. 1978இல் மைக்கேல் கிரைட்டன் இயக்கிய ‘கோமா’விலும் இதே விஷவாயுதான். கருக்கலைப்புக்காக வந்த தோழி கண்விழிக்காமல் போக, இளம் மருத்துவர் சூசன் காரணத்தைத் தேடுகிறாள். அவளுடைய சந்தேகத்தை ஆண்கள் பதற்றம் என்று ஒதுக்குகிறார்கள். கடைசியில் அவள் நம்பிப் போய் எல்லாவற்றையும் சொல்லும் தலைமை மருத்துவரே குற்றவாளி. நல்ல படம்தான். ஆனால் இவ்வகைப் படங்களில் துரோகம் எப்போதும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியிலிருந்துதான் வருகிறது. வீடு என்பது அழுதுகொண்டு வராந்தாவில் காத்திருக்கும் இடம்.

நம் ஊரில் நடந்தது வேறு. சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் வந்த காலத்தில் யாரையும் மயக்கிக் கடத்த வேண்டியிருக்கவில்லை. 2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். முடிவுகள் மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தன. விற்றவர்களில் 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். சராசரியாகப் பேசிய தொகை 1,410 டாலர், கைக்கு வந்தது 1,070. ஆய்வின்போதும் நான்கில் மூன்று பேர் கடனில்தான் இருந்தார்கள்.

அதே ஆய்வில் மனைவிமாரிடம் ஒரு கேள்வி: கணவர் விற்காமல் நீங்கள் ஏன் விற்றீர்கள்? அதிகம் வந்த பதில்கள் இரண்டு. சம்பாதிப்பவர் அவர், அல்லது, அவருக்கு உடம்பு சரியில்லை. கட்டாயப்படுத்தினார் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. இந்தப் பதில்களைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவை அன்பிலிருந்தே வந்திருக்கலாம். கூலிக்குப் போகும் பெண்ணும் தன்னைச் சம்பாதிப்பவளாக எண்ணாத வீட்டின் கணக்கும் அந்த அன்புக்குள்தான் இருக்கிறது.

மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் இன்னொன்றைக் கவனித்தார். சென்னையில் அவர் சந்தித்த, சிறுநீரகம் விற்ற பெண்கள் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். அரசாங்க ஊக்கத்தொகையும் முகாமும் அந்த உடம்பைக் கத்திக்குப் பழக்கி வைத்திருந்தன. நம் பேச்சில் ‘ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்’ என்றாலே பெண்ணின் ஆபரேசன்தானே?

1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பனை குற்றமானது. நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். உறவினர் அல்லாதவரும், ‘அன்பு அல்லது பற்றுதல்’ காரணமாக என்றால், அங்கீகாரக் குழுவின் அனுமதியோடு கொடுக்கலாம். அன்பைச் சட்டத்தின் சொல்லாகப் பார்த்தபோது முதலில் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு பார்த்தால், முன்பின் தெரியாதவர்கள் குழுவின் முன் ‘அன்பானவர்கள்’ ஆகி நின்றார்கள். 2001 ஆய்வே சட்டம் வந்த பிறகு நடந்ததுதான்.

பணம் கைமாறாத இடத்திலும் கணக்கு மாறவில்லை. 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,695 ஆண்களுக்கு, பெண்களுக்கு 6,945. உயிரோடு இருக்கும்போதே கொடுப்பவர்களிலோ பெரும்பாலோர் மனைவியர், தாய்மார். சிறுநீரகம் கெடுவதில் ஆண்–பெண் வேறுபாடு இவ்வளவு இல்லை.

2014 விதிகளில் ஒரு வரி உண்டு: கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தைப் பெறுநர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். சட்டம் தன் அன்பையே சந்தேகித்த இடம் இது. ஆனால் பெறுநர் அல்லாத ஒருவர் என்றால்? மாமியாரும் அதில் சேர்வாரா?

அக்காவிடம் இதைச் சொன்னேன். “அவங்கதான் முதல்ல வந்து நிப்பாங்க” என்றார்.