இரண்டு லிட்டரின் வரலாறு

குத்துக்கல்வலசையில் கழிப்பறைத் தண்ணீரைச் சிக்கனப்படுத்துவது பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். நட்டுவைத்த கல்லையும் இடம்பெயர்தலையும் ஒருசேரப் பெயரில் வைத்திருக்கும் இவ்வூர் தென்காசியை ஒட்டியது. குற்றாலமோ கூப்பிடு தூரம். ஆனி, ஆடியில் சாரல் முகத்தில் அறையும். ஆனால் அதே அருவி பங்குனி, சித்திரையில் வெறும் பாறையாக நிற்பதையும் இப்பகுதியினர் அறிவர். இந்தியக் கட்டட விதிகள் நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்கே ஒதுக்கப்பட்டது. குடிநீருக்குரிய அதே ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் பெரும்பாலான வீடுகளில் இதுவும் வருகிறது.

இந்த மூன்றில் ஒரு பங்கு நம் வாழ்வில் நுழைந்தது அண்மையில்தான். குளத்தங்கரைக்கும் ஓடைக்கரைக்கும் போய்வந்த தலைமுறைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. நகரங்களில் எடுப்புக் கக்கூசுக்கு அதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் செய்திருக்க வேண்டிய வேலையை அங்கே மனிதர்கள் செய்தார்கள். இன்னின்ன சாதியில் பிறந்தவர்கள் என்பதற்காகவே செய்விக்கப்பட்டார்கள். நம் நாட்டில் கழிப்பறையின் வரலாற்றை எழுதுபவர் எவரும் இதைத் தாண்டிச் செல்ல இயலாது.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாக நடந்தது. 1596இல் ஜான் ஹாரிங்டன் நீர்க் கழிப்பறை ஒன்றைப் பற்றி எழுதினார். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர், வளைந்த குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று துர்நாற்றத்தைத் தடுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கழிப்பறையின் உயிர் அந்த வளைவில்தான் இருக்கிறது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு, ஜோசப் பாசல்ஜெட்டின் மாபெரும் பாதாளச் சாக்கடைகள் எழுந்தன. கழிவைக் குழாய்களில் நெடுந்தூரம் அடித்துச் செல்லத் தாராளமான நீர் வேண்டும். தலைக்கு மேல் இரும்புத் தொட்டி, தொங்கும் சங்கிலி, ஓர் இழுப்புக்குப் பன்னிரண்டரை லிட்டர் என்ற ஏற்பாடு அந்த உலகத்துப் பொருள். பாதாளச் சாக்கடையே இல்லாத ஊர்களிலும் நாம் அதை நாகரிகத்தின் அடையாளமாக மாட்டிவைத்தோம்.

சாக்கடையும் குழாய்நீரும் இல்லாத வீட்டில் எடுப்புக் கக்கூசை எப்படி ஒழிப்பது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தியாவின் சிக்கனக் கோப்பை பிறந்தது. 1950களில் லக்னோவின் திட்ட ஆய்வு மற்றும் செயல் நிறுவனம் கிராமங்களுக்கான கோப்பையை உருவாக்கியது. 1970இல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாதக் அவ்வழியை மேலும் வளர்த்தெடுத்தார். வழக்கமான தட்டையான கோப்பைக்குப் பதில் செங்குத்தாகச் சரியும் கோப்பை. வளைவில் தேங்கும் நீரின் ஆழம் 20 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே குவளையில் மொண்டு ஊற்றும் ஒன்றரை, இரண்டு லிட்டரே போதும். கழிவு இரண்டு குழிகளில் ஒன்றுக்குப் போகும். அது நிறைந்ததும் மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டுகளில் மட்கி உரமாகிவிடும். அதை எவரும் கைகூசாமல் எடுக்கலாம். எடுப்புக் கக்கூசைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது என்பதை நினைத்தால், இந்தப் பீங்கானின் சரிவு சட்டத்தை முந்திக்கொண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மேலைநாடுகள் வந்த வழியே திரும்பியதும் இதன் பின்னர்தான். 1980இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 11 லிட்டர், 5.5 லிட்டர் என இரு பொத்தான்கள் கொண்ட தொட்டியை வெளியிட்டது. அமெரிக்கா 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஆறு லிட்டரை உச்சவரம்பாக்கியது. தொடக்கத்தில் வந்தவை சரியாக அடித்துச் செல்லவில்லை. மக்கள் இருமுறை அழுத்தினார்கள், சிலர் கனடாவிலிருந்து பழைய தொட்டிகளைக் கடத்திவந்தார்கள்! தொட்டியைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது, கோப்பையின் வடிவமும் மாற வேண்டும் என்பதை அவர்கள் தாமதமாகக் கற்றார்கள்.

முசிறியில் வேறொரு சிக்கல். காவிரிக்கரையில் நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் குழிக் கழிப்பறை கிணற்றைக் கெடுக்கும். மா. சுப்புராமனின் ஸ்கோப் அமைப்பு அங்கே மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டியது. அடித்துவிடத் தண்ணீரே வேண்டியதில்லை. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இனி நம் வீட்டுக் கணக்கு. பத்து லிட்டர் தொட்டியை நாளுக்கு ஐந்து முறை திறக்கும் ஒருவர் ஐம்பது லிட்டர் செலவிடுகிறார். ஆறுக்கு மூன்று என்ற இரட்டைப் பொத்தானில் ஒருமுறை பெரியதும் நான்குமுறை சிறியதுமாகப் பதினெட்டு லிட்டர் ஆகிறது. நால்வர் வீட்டில் நாளொன்றுக்கு 128 லிட்டர், அதாவது எட்டுக் குடத்துக்கும் மேல் மிஞ்சும். பழைய கோப்பையை வைத்துக்கொண்டு தொட்டியை மட்டும் மாற்றுவோருக்கு அமெரிக்கர்களின் அனுபவமே நேரும். கடையில் ‘ரூரல் பேன்’ என்று கேட்டால் ஏளனமாகப் பார்க்கலாம். வாளியும் குவளையும் பழகிய வீட்டுக்கு அதைவிடச் சிக்கனமானது இல்லை.

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. உள்ளே விழும் நீர் குறைந்தால் கழிவு தொட்டியில் கூடுதல் நேரம் தங்கித் தெளியும். உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்கும் அழுக்குநீரும் குறையும். பக்கத்து மனையின் ஆழ்துளைக் கிணறு பெரும்பாலும் சில அடி தள்ளித்தான் இருக்கிறது.