ஓட்டர் வார்ப்புருக்கள்

ஒரு துறையின் கருத்துகளையும் உறவுகளையும் கணினிக்கு வரையறுத்துத் தரும் ஆன்டாலஜிகளை எழுத உதவும் மொழி. ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்களிப்பில் உருவாகி, 2018இல் பன்னாட்டு சொற்பொருள் வலை மாநாட்டில் முன்வைக்கப்பட்டது.

திரும்பத் திரும்ப வரும் அமைப்பை ஒருமுறை வார்ப்புருவாக எழுதி, மாறும் இடங்களை அளபுருக்களாக விடலாம். எடுத்துக்காட்டாக, ஒரு பீட்சா வார்ப்புருவுக்குப் பெயர், நாடு, மேலிடுபொருள்கள் தந்தால் போதும்: மார்கரீட்டா இத்தாலிக்குரியது, அதன்மேல் தக்காளியும் மொசரெல்லாவும் உண்டு, வேறெதுவும் இல்லை என்ற கூற்றுகள் தாமே விரியும். கையால் எழுதுவோர் அடிக்கடி மறப்பது அந்தக் கடைசிக் கூற்றைத்தான். ஒரு வார்ப்புரு இன்னொன்றை அழைக்கலாம். சுற்றிவந்து தன்னையே அழைக்க முடியாது, ஆகவே விரிவு எப்போதும் முடிவுக்கு வரும். வார்ப்புருவைத் திருத்தினால் அதிலிருந்து பிறந்தவற்றையெல்லாம் மறுபடி விரித்துக்கொள்ளலாம். பராமரிப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

உயிரியல் ஆன்டாலஜிகளில் இதே பணியை யாமல் வடிவக் கோப்புகளாக எழுதப்படும் டிஓஎஸ்டிபி என்ற வார்ப்புரு முறை செய்கிறது.