சித்தன்னவாசல் வண்ணமும் சிலம்பின் துவரும்

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே பதினாறு கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சித்தன்னவாசல் குன்று துறவியரின் குன்று ஆகும். அதன் ஏழடிப்பட்டக் குகையில், சமண முனிவர் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பு மாறாமல் கிடக்கின்றன. நீராடாமை சமண முனிவருக்குரிய நோன்புகளுள் ஒன்று. எண்ணெயும் சாந்தும் பூவும் அவர்க்கு விலக்கு. அத்தகையோர் வாழ்ந்த அதே குன்றின் மேற்குச் சரிவில், அறிவர் கோயில் தூண்களில், காதிலும் கழுத்திலும் கையிலும் அணி பூண்டு, கூந்தலில் மலர் முடித்து ஆடும் மகளிர் இருவர் தீட்டப்பெற்றுள்ளனர். ஒப்பனையைத் துறந்தோரின் இடமே ஒப்பனையின் சான்றையும் காத்து வைத்திருப்பது எண்ணி வியக்கத்தக்கது.

இக்கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுக்கிய செய்தியை அங்குள்ள செய்யுள் வடிவக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. அதில் சுட்டப்பெறும் அவனிபசேகரன், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் என்பர் அறிஞர். 1916-இல் புதுக்கோட்டை வரலாற்றை எழுதிய எஸ். இராதாகிருஷ்ண ஐயர் இவ்விடத்தைக் குறித்துள்ளார். பின்னர் து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் ஓவியங்களை உலகறியச் செய்தனர்.

சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவ்வண்ணங்களைப் பகுத்தாய்ந்தார். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்கு மரக்கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பசுமைக்குப் பச்சை மண் என, பெரும்பாலும் நிலத்திலிருந்து எடுத்தவையே அவை. மண்ணும் கல்லும் ஆனமையின் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் மங்கியேனும் நிற்கின்றன. ஆனால் அக்காலத்து உயிருள்ள மகளிர் தம் மேனியில் பூசிய மஞ்சளும் சந்தனமும் அன்றைய நீராட்டோடே கரைந்து போயின. செடியும் வேரும் பட்டையும் சுவரில் தங்குவனவல்ல. அவை தங்கிய இடம் ஒன்றே. அது சொல்.

அச்சொல்லின் பெருங்களஞ்சியம் சிலப்பதிகாரம். இளங்கோவடிகளின் காப்பியத்துக்கும் இம்மாவட்டத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. மதுரைக்கு வழி கூறும் மாங்காட்டு மறையோன், பாதை மூன்றாகப் பிரியும் இடமாகக் கொடும்பையின் நெடுங்குளத்தைக் குறிக்கின்றான். மூவர் கோயில் விளங்கும் இன்றைய கொடும்பாளூரே அது. அவ்வழி பற்றிக் கேட்டு நின்ற கண்ணகி, கணவன் பிரிந்த நாளிலிருந்தே கண்ணுக்கு மையும் நுதலுக்குத் திலகமும் கூந்தலுக்கு நெய்யும் மறந்தவள். உடன் வந்த கவுந்தியடிகளோ அவற்றை நோன்பாகவே நீத்தவர். ஒருத்தி துயரால் விட்டதை மற்றொருவர் அறத்தால் விட்டார்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது கடலாடு காதையில் வரும் மாதவியின் நீராட்டு. ஊடிய கோவலனை மகிழ்விக்க அவள் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் கூந்தல் ஆட்டுகின்றாள், நறும்புகையில் உலர்த்துகின்றாள், அடிகளுக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டுகின்றாள். இவ்வளவும் செய்த பின்னரே கானல்வரியும் பிரிவும் நேர்கின்றன என்பது வேறு செய்தி.

எண்ணிக்கையைக் காப்பியம் சொல்ல, பொருள்களைச் சொல்பவர் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். துவர் பத்தாவன பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி என்பன. விரை ஐந்தாவன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம். துவர்ப்பு எண்ணெய்ப் பசையை நீக்கித் தோலை இறுக்கும். விரை மணம் ஊட்டும். தூய்மைக்கு ஒரு தொகுதியும் மணத்துக்கு வேறொரு தொகுதியும் வகுத்த இந்த முறைமை, வெறும் அழகு விருப்பத்தில் பிறந்ததாகத் தோன்றவில்லை. நெடுநாள் பழகித் தேர்ந்த கைகளின் அறிவு அதில் உள்ளது. அவ்வுரை ஏடுகளிலேயே அழிந்திருந்தால், ஓமாலிகை என்பது பொருளற்ற ஓர் ஒலியாகவே எஞ்சியிருக்கும். 1892-இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தமையால் அந்நிலை நேரவில்லை.

எனினும் இப்பட்டியலை வியந்து நிற்பது மட்டும் ஆய்வாகாது. இன்றைய வணிகர் சோப்பின் உறைமேல் அச்சிடும் 'இயற்கை' என்னும் சொல்லுக்கு அது முழுவதும் துணை நிற்பதில்லை. ஓமாலிகையுள் வரும் கத்தூரி மானிடமிருந்தும் புழுகு பூனையிடமிருந்தும் பெறப்பட்டவை; கோட்டம் இமயச் சாரலில் வளர்வது. கண்ணுக்கிட்ட அஞ்சனக் கல்லிலும் ஈயம் கலந்திருத்தல் உண்டு. ஆக, இவை எல்லாம் எளியாரின் கைக்கு எட்டியவையும் அல்ல, தீங்கு அறவே இல்லாதவையும் அல்ல.

இதனினும் கருதத்தக்கது வேறொன்று. புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும் சுற்றுச் சந்தைகளிலும் நாட்டு மருந்துக் கடையில் குளியல்பொடிக்கென்று கேட்டு வாங்கப்பெறும் பொருள்கள் பச்சைப்பயறு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி ஆகியவை. ஆவாரை இவ்வறண்ட செம்மண்ணில் எவரும் நடாமல் தானே பூப்பது; கோரை கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் கிடைப்பது. பயறும் ஆவாரையும் அடியார்க்குநல்லாரின் பட்டியலில் இல்லை. அது கலம் வந்திறங்கும் புகாரின் கணிகைக்குரிய பட்டியல்; வானம் பார்த்த பூமியின் பெண், பிள்ளைக்குத் தேய்த்துவிட்ட மாவுக்கு அங்கே இடமில்லை. அரங்கேறியவளின் நீராட்டு காப்பியமாயிற்று. களையெடுத்து மீண்டவளின் நீராட்டு ஏடேறவில்லை.

ஏடேறுவதால் என்ன பயன் என்பதை மஞ்சள் வழக்கு காட்டிற்று. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம், புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதனை எதிர்த்தது. இல்லந்தோறும் இது வழக்கம் என்று சொன்னால் போதவில்லை. எழுத்துச் சான்று வேண்டப்பட்டது. பழைய நூற்பகுதிகளும், 1953-இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் முன்வைக்கப்பட்டன. 1997 ஆகஸ்டில் உரிமை நீக்கப்பட்டது. அப்பட்டறிவின் விளைவாக 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில், தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் பின்னர் இடம்பெற்றன.

அந்நூலகம் கொள்வது நூலில் உள்ளதையே. பயறு எத்தனை கைப்பிடி, ஆவாரம்பூ நிழலில் எத்தனை நாள் உலர வேண்டும், கோரைக்கிழங்கை இடித்துச் சலிப்பது எந்தப் பதத்தில், பச்சிளங் குழந்தைக்கு எதைக் குறைப்பது என்னும் கணக்கு அன்னவாசலிலும் இலுப்பூரிலும் கீரனூரிலும் பெரும்பாலும் மூதாட்டியர் வாய்மொழியாகவே இருந்து வருகின்றது. அரவை இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் மருமகளிடம் மாமியார் அதைச் சொல்லியனுப்புகின்றார். சொல்லியனுப்புவோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.