மொட்டை டயர் உள்ளே போன கதை

பூதிகோட்டையில் எங்கள் தாத்தாவின் மாட்டுவண்டிக்கு இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம். மழை விட்ட மறுநாள் ஏரிக்கரை வழியே வண்டி போனால், அந்தப் பட்டா சேற்றை அறுத்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிடும். நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். பிறகு பக்கத்து வீட்டில் டயர் வண்டி வாங்கினார்கள். அதே மாதிரி ஜோடி மாடு, அதே அளவு நெல் மூட்டை, அதே சேறு. ஆனால் அந்த வண்டி சேற்றின் மேலேயே உருண்டு போய்விட்டது. ஹைதர் அலி பிறந்த ஊர் எங்களுடையது. அவருடைய பீரங்கிகளைச் சுமந்ததும் இரும்புப் பட்டாச் சக்கரங்கள்தான். மாடுகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று சின்ன வயதில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தரையில் எவ்வளவு இடம் பிடித்து உட்காருகிறது என்பதை வைத்துத்தான் சக்கரத்தின் பலம் என்று எனக்கு முதலில் காட்டியது அந்த டயர் வண்டி. வெகு காலம் கழித்து, கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் சின்ன மாமாவின் டிங்கரிங் ஷெட்டில், ஒரு பந்தயக் காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தபோது அந்த வண்டிதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பின் டயர் எங்கிருந்து புறப்பட்டு அங்கே வந்து சேர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

அதன் பூர்வீகம் பிரேசில் காடு. 1876இல் ஹென்றி விக்ஹாம் அங்கிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. ரப்பர் மரம் பிறகு கேரளத்திலும் கன்னியாகுமரி மலையோரத்திலும் வேர் பிடித்தது. காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கியிருந்தும் அது எடுபடவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் திரும்பக் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. நம் பக்கத்தில் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார் மாம்மன் மாப்பிள்ளை. 1952இல் அவர் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். தேய்ந்துபோன டயர் மேல் புதுத் தோல் ஒட்டுவதற்கான ரப்பர் அது. எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆனது அதற்குப் பிறகுதான்.

தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஒட்டும் இந்த வேலையில்தான் பந்தயக் காரின் பின் டயரும் பிறந்தது. 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில், விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியில், கார்களை இரண்டு இரண்டாக நிறுத்தி நேர்கோட்டில் ஓட விட்டார்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முன்னால் போய்ச் சேர்கிறாரோ அவர் ஜெயித்தார். நம் சோழவரத்திலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. போருக்குப் பிறகு சும்மா கிடந்த ஓடுதளங்களை வேகப் பிரியர்கள் இப்படிக் கையில் எடுத்துக்கொண்டது பல ஊர்களில் நடந்த கதை.

நேர்கோட்டுப் பந்தயத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் புறப்படும் அந்த ஓரிரு நொடியில்தான். எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் புகைதான் மிச்சம். அதனால் அன்றைய பையன்கள் பழைய டயருக்கு ரீட்ரெட் போடும்போது டயர் மேல் கட்டம் கட்டமாக வரும் பட்டனே வெட்டாமல் வழவழவென்று விடச் சொன்னார்கள். நாம் எதை மொட்டை டயர் என்று பயந்து மாற்றுகிறோமோ அதையே அவர்கள் கேட்டு வாங்கினார்கள். மழைத் தண்ணீரை வெளியே தள்ளத்தான் பட்டன் வேண்டும். காய்ந்த தரையில் பட்டனின் பள்ளம் எல்லாம் வீணாகப் போகும் இடம். 1950களின் பிற்பாதியில் எம் அண்ட் எச் என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தப் பந்தயத்துக்கென்றே மொட்டை டயர் வார்த்தது. பிறகு பக்கச் சுவரை மெல்லியதாக்கினார்கள். புறப்படும்போது அந்தச் சுவர் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விடும்போது அந்த விசையும் சேர்ந்து வண்டியை முன்னால் தள்ளும். இன்றைக்கு மிக வேகமான டாப் ஃப்யூவல் வண்டிகளின் பின் டயர் 17.5 அங்குல அகலம். சாதாரண கார் டயரில் 30 பவுண்டுக்கு மேல் காற்று அடிக்கிறோம். டாப் ஃப்யூவல் டயரில் 7 பவுண்டு அளவில்தான் இருக்கும்.

டயர் அகலமானால் தானாகவே பிடிப்பு கூடிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வண்டியின் எடையை டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய கிடைத்துவிடும். அகலமான டயரையும் கல் மாதிரி காற்றடித்து வைத்தால் தொடும் இடம் பெரிதாகாது. அழுத்தத்தைக் குறைத்தாலும் ரிம்மில் அறைபடாமல் தாங்க டயரில் இடம் வேண்டும். மெழுகு மாதிரி மிருதுவான ரப்பர் ஒரே ஓட்டத்தில் கரைந்துவிடாமல் சூட்டைப் பங்குபோட்டுக்கொள்ளவும் இடம் வேண்டும். அகலம் தேவைப்படுவது இதற்கெல்லாம்தான். எங்கள் பக்கத்து வீட்டு டயர் வண்டியும் இந்தக் கணக்கில்தான் சேற்றின் மேல் போனது.

டயர் அகலமாக அகலமாக அதற்கு இடம் தேடுவது பெரிய வேலை ஆயிற்று. வெளியே தள்ளினால் மட்கார்டில் உரசும். உள்ளே தள்ளினால் பட்டை ஸ்பிரிங் தடுக்கும். சேஸிஸ் தனியாக, உடம்பு தனியாக இருந்த பழைய வண்டிகளில் இதற்கு வழி எளிது. பாரத்தைச் சேஸிஸ் தாங்கிக்கொள்ளும். மேலே உள்ள தகட்டை வெட்டினாலும் ஒட்டினாலும் பெரிய சேதம் இல்லை. யூனிபாடி வண்டி அப்படி இல்லை. அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவடிப் பெட்டி, வீல் ஆர்ச், கூரைக் கால் எல்லாம் ஒன்றோடொன்று வெல்டு பிடித்து, முட்டை ஓடு மாதிரி சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் அந்தத் தகடு சேறு தெறிக்காமல் இருக்க வைத்த மூடி என்றுதான் பார்த்தால் தோன்றும். வண்டியின் இடுப்பெலும்பே அதுதான்.

1968இல் கிரைஸ்லர் கம்பெனி டாட்ஜ் டார்ட், பிளைமவுத் பாரகுடா என்ற இரண்டு சிறிய யூனிபாடி கார்களில் 7 லிட்டர் ஹெமி எஞ்சினை வைத்து, பந்தயத்துக்கென்றே விற்றது. அந்தக் கார்களை ஹர்ஸ்ட் நிறுவனத்தில் கொடுத்து, டார்டின் பின்சக்கர வாயை வெட்டிப் பெரிதாக்கச் செய்தது. மொட்டை டயர் உள்ளே போக வேண்டும் என்பதற்காகக் காரைச் செய்தவர்களே காரை வெட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஸ்பிரிங்கை உள்பக்கம் நகர்த்தினார்கள், பின் அச்சின் ஹவுசிங்கை இரண்டு முனையிலும் அறுத்துக் குறுக்கினார்கள், வீல் ஆர்ச்சை டிக்கிக்குள் விரித்தார்கள். அங்குலம் அங்குலமாக டயர் காரின் வயிற்றுக்குள் போனது.

அம்பாசடருக்குச் சேஸிஸ் உண்டு என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எடையும் கம்பீரமும் அப்படி நினைக்க வைக்கிறது. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் செய்த அந்த வண்டியும் யூனிபாடிதான். இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வைத்த அம்பாசடர் ஒன்றை, நேர்கோட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்ய வேண்டும் என்று பெங்களூர் இளைஞர் ஒருவர் மாமாவின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். அது 2002. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி கோலார் தங்கவயல் மைன் மூடப்பட்டிருந்தது. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர் வேலை, அதாவது மரத் தாங்கல் வைக்கும் வேலை பார்த்த அப்பா போக்கிடம் இல்லாமல் தினமும் ஷெட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. பழைய டயர் 5.90, அதாவது ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் அகலம். வரப்போவது 8 அங்குலம், 203 மில்லிமீட்டர். வித்தியாசம் 53. நடுவை மாற்றாவிட்டால் பக்கத்துக்கு 26, 27. வெளிப்பக்கம் மட்கார்டின் உள்மடிப்பைச் சூடுகாட்டித் தட்டி மடித்தால் ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். மீதிக்கு உள்ளேதான் போக வேண்டும். அங்கே ஸ்பிரிங்கும் வீல் ஆர்ச்சும். சரி, ஆர்ச்சை வெட்டி விரித்துவிடலாம் என்று மாமா முடிவெடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினார். சாயங்காலம் ஜாக்கியை இறக்கினோம். பின் கதவைச் சாத்தினேன். சாத்தவில்லை. இன்னொரு தடவை தள்ளினேன். பூட்டு நாக்கு கொக்கிக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றது. கதவு அசையவில்லை, வண்டியின் பின்பாதிதான் இறங்கிவிட்டிருந்தது.

ஷெட்டில் யாரும் பேசவில்லை. அப்பா எழுந்து வந்து, குனிந்து, வெட்டிய இடத்தில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“மேல தாங்கறதுக்கு ஒண்ணும் வைக்காம கீழ எடுத்துட்டியேப்பா” என்றார்.

“தகடுதானே மாமா, என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்” என்றார் சின்ன மாமா.

“பாறையும் பாக்கறதுக்குச் சும்மா நிக்கற மாதிரிதான் இருக்கும்.”

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் சாம்பியன் ரீஃப். அங்கே தங்கப் பாறையை வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள மலை மெல்ல நெருக்கிக்கொண்டே வரும். தாங்க முடியாமல் போகும் நொடியில் பாறை வெடித்துச் சிதறும். பழைய ஆட்கள் அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே குடியிருப்பில் பாத்திரம் பண்டமெல்லாம் அதிரும். பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து எந்த சாஃப்ட், யார் ஷிஃப்ட் என்று கேட்டு நிற்பார்கள். அதனால்தான் எடுத்த இடத்திலெல்லாம் கருங்கல் சுவர் அடுக்கினார்கள், மரம் நாட்டினார்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட எடுப்பதற்கு முன் எதை நிறுத்துவது என்பதுதான் அப்பாவின் வாழ்நாள் வேலை. தகடு வேலை அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த வண்டியை அவர்தான் சரியாகப் படித்தார் என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் வண்டியை மெல்ல மெல்லத் தூக்கினார்கள். கதவு வாயின் மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு குறுக்களவும் பழையபடி வரும் வரைக்கும் ஜாக்கியைத் திருகினார்கள். கதவு தானாகப் போய்ப் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவு வாய் ஒவ்வொன்றிலும் இரும்புக் குழாய், டிக்கிக்குள் குறுக்கே ஒரு குழாய் வைத்து டாக் வெல்டு அடித்தார்கள். அப்புறம் ஒரு பக்க ஆர்ச்சை மட்டும் 16 கேஜ் தகட்டில் விரித்து முழுவதும் வெல்டு பிடித்தார்கள். அது ஆறிய பிறகுதான் அடுத்த பக்கம். பக்கத்துக்கு ஒன்றாக, தரைத் தகட்டோடு வெல்டு பிடித்த முன் ரயிலையும் பின் ரயிலையும் சேர்த்துத் தரைக்கடியில் பெட்டிக் குழாய் ஓட்டினார்கள். ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளை ஒன்றரை அங்குலம் உள்ளே நகர்த்தி, ஹவுசிங் மேல் ஸ்பிரிங் உட்காரப் புதுத் தகடு வைத்தார்கள். டயர் மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு இடம் செய்யத்தான் 19 நாள்.

பந்தய டயரோடு, வெட்டிய உடம்போடு அந்த வண்டி ரோட்டில் போகக் கூடாது. வண்டியைச் செய்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஈர ரோட்டில் மொட்டை டயர் எமன். ராத்திரி ஹைவேயில் பந்தயம் விடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இந்த அம்பாசடர் லாரியில் ஏறித்தான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. அங்கே பந்தயக்களத்துக்குள் ஓடியதோடு சரி.

புறப்படும் நொடியில் பின்பக்கம் அமுங்கும், உடம்பு ஒரு பக்கமாக முறுக்கும், டயர் பிதுங்கும். நிறுத்திவைத்து அளந்தது அந்த நொடியில் செல்லாது. அதனால் லாரியில் ஏற்றும் முன் ஏரிக்கரைக் களிமண்ணை உருட்டி, டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஸ்பிரிங் மேல் அப்பிவைத்தார் அப்பா. டயர் எவ்வளவு பிதுங்கினாலும் மண்ணில் அடையாளம் விழும். ஓட்டம் முடிந்து வண்டி திரும்பி வந்தபோது டயர் சூட்டில் ரப்பர் நாற்றம் ஆளைத் தூக்கியது. எங்கள் வண்டி எத்தனையாவதாக வந்தது என்று கேட்கப் பெங்களூர் இளைஞர் ஓடிப்போனார். அப்பா தரையில் மல்லாந்து படுத்து உள்ளே ஊர்ந்துபோனார். டார்ச் கேட்டார், கொடுத்தேன். களிமண்ணின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மீதி அப்படியே இருந்தது. அவர் ஆள்காட்டி விரலை அந்தச் சந்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு வெரல் இருக்குது” என்று மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.