கத்தரி பட்டாலும் பிரியாத பின்னல்

முன்பக்கம் திறந்த நீளக் கோட்டு பின்ன வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது ஷெட்லாந்து கதையைத்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள தீவுகள் அவை. அங்கே உடம்புப் பகுதியைக் குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னி முடித்து, பிறகு நடுவே கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். அந்தத் தீவு ஆட்டுக் கம்பளி இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் பின்னல் பிரியாது.

அந்தத் தீவுப் பெண்கள் குதிரைமுடி அடைத்த தோல் பெல்ட்டை இடுப்பில் கட்டி, அதன் துளையில் ஊசியைச் செருகி, முதுகில் விறகுக்குப் பதிலாக எரிக்கும் மண்கரி நிறைந்த கூடையோடு நடந்தபடியே பின்னினார்கள். எப்பேர்ப்பட்ட உழைப்பு! வியாபாரிகளோ பெரும்பாலும் காசு தராமல் தேயிலையும் துணியுமே கொடுத்தார்கள். இதைப் பற்றி 1872-இல் நடந்த அரசு விசாரணையில் அந்தப் பெண்களே சாட்சி சொன்னார்கள். 1887-இல் இதைத் தடுக்கும் சட்டம் வந்தும் அந்த வழக்கம் உடனே ஒழியவில்லை.

அந்த உழைப்பை நினைத்து, கையால் பின்னியதை வாங்கும்போது தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.